அவசரக்காரி மொச்சை

எனக்குக் கோபம் வந்தால் பட்டியல் போடுவேன். கத்த மாட்டேன், பாத்திரத்தை நங்கென்று வைக்க மாட்டேன். நோட்டை எடுத்து ஒன்று, இரண்டு என்று எழுதுவேன். இந்த விஷயத்துக்கு நான் போட்ட பட்டியல் இது: ஒன்று, ஜீப்பில் வந்தவர். இரண்டு, ஸ்டிக்கர். மூன்று, ஐந்து என்று காட்டிய திரை. நான்கு, கே.கே. நகர் காபி. ஐந்து என்று எண் மட்டும் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் சில நாள் வைத்திருந்தேன்.

மதுரையில், அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். படித்தது இன்ஸ்ட்ருமென்டேஷன். ரத்த வங்கி ஃபிரிட்ஜ், பால் சொசைட்டி தராசு, ஆஸ்பத்திரி பிரஷர் மீட்டர், எது கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். கருவி ஒன்று சொல்லும், நிஜம் இன்னொன்றாக இருக்கும். எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. அதில் கோபத்துக்கு இடமில்லை.

போன ஆனி மாதம், மலை மேல் இருக்கும் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விதைகளைச் சேமித்து வைக்கும் குளிர் அறை ஒன்று உண்டு. அதன் வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆரப்பாளையத்தில் விடிகாலை பஸ் ஏறினேன். வாடிப்பட்டி தாண்டும்போதே வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. பிறகு வேறு பஸ், கொண்டை ஊசி வளைவுகள், காதடைப்பு. நிலையத்தின் முன்பக்கம் பார்வையாளர்களுக்கான தோட்டம்: காபி, மிளகு, ஆரஞ்சு, ஒவ்வொன்றின் முன்னாலும் பச்சைப் பலகை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்று பலகைகளை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேலை பின்கட்டில்.

குளிர் அறைச் சாவி ஒப்பந்த வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் இருந்தது. மலையிலேயே பிறந்தவர், நாற்பது வயதிருக்கும். கதவைத் திறப்பதற்கு முன் தன் சுவெட்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"போட்டுக்கங்க மேடம். உள்ள அஞ்சு டிகிரி."

வாசல் திரையும் ஐந்து என்றுதான் காட்டியது. ஆனால் ஐந்து டிகிரியை என் கை அறியும். ரத்த வங்கிகளில் அந்தக் குளிரில் நின்று எழுதினால் பத்து நிமிஷத்தில் விரல் மரத்துப் பேனா நழுவும். இங்கே அரைமணி நேரம் ஆகியும் விரல் சொன்னபடி கேட்டது. ஒன்பது இடங்களில் என் சென்சார்களை வைத்துவிட்டு நாலு மணி நேரம் காத்திருந்தேன். ஒன்பதும் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் நின்றன.

கண்ட்ரோலரைத் திறந்து பார்த்தேன். கருவி படிப்பது எதுவாக இருந்தாலும் அதிலிருந்து ஆறைக் கழித்துத் திரையில் காட்டும்படி யாரோ செட் செய்து வைத்திருந்தார்கள்.

பொறுப்பு விஞ்ஞானியைக் கூப்பிட்டேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மரியாதையான மனிதர். பார்த்துவிட்டுக் கழுத்தைத் தடவினார்.

"எனக்கு முன்னால இருந்தவர் வச்சது மேடம். நான் வந்து எட்டு மாசந்தான் ஆகுது."

"எதுக்கு வச்சாரு?"

"ஆடிட் வரும்போது அஞ்சு காட்டணும்ல."

சாவிக்காரப் பெண் பின்னால் நின்று, "அது எப்பவும் அஞ்சுதான் மேடம். சித்திரை வெயிலு அடிச்சப்பக்கூட அஞ்சுதான்," என்றார். அவர் அதை ஒரு நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

ஸ்டிக்கர் அதற்கு முன்பே என் கண்ணில் பட்டுவிட்டது. ஒன்பதாவது சென்சாரை வைத்த தட்டில் அலுமினிய உறைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர்: எண், பயிர், உள்ளூர்ப் பெயர், சேகரித்த இடம், கொடையாளர். காத்திருக்கும் நேரத்தில் எதையாவது படிப்பது என் பழக்கம். முதல் உறையில் பயிர், மொச்சை. இடம், மேலூர் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர். உள்ளூர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு தடவை கூட்டிப் படிக்க வேண்டியிருந்தது. அவசரக்காரி.

அவசரக்காரி என் அம்மா.

நாற்று நடும்போது மற்றவர்கள் ஒரு பத்தி முடிப்பதற்குள் அம்மா ஒன்றரைப் பத்தியில் நிற்பாள். அதனால் கூட வேலை பார்த்த பெண்கள் வைத்த பட்டம் அது. ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய நிஜப் பெயர் தெரியாது. அப்போது எங்களுக்கு நிலம் இல்லை. வயல் சொந்தக்காரர் வரப்பில் மட்டும் மொச்சை ஊன்றிக்கொள்ள விட்டிருந்தார். வரப்பில் வருவது வேலை பார்க்கிறவர்களுக்கு, வயலில் வருவது அவருக்கு. அம்மா வருஷா வருஷம் எந்தச் செடி முதலில் காய்க்கிறதோ அதன் நெற்றை மட்டும் விதைக்கு எடுத்து வைத்தாள். கருப்பு விதை, மூக்கில் வெள்ளைக் கீற்று. எல்லாருடைய மொச்சையும் தை மாதம் வந்தால், அம்மாவுடையது கார்த்திகையிலேயே காய்த்தது. செடிக்கும் அவள் பட்டமே ஒட்டிக்கொண்டது.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு ஜீப் வந்தது. வரப்பு மொச்சையைப் பார்த்து ஒருவர் இறங்கினார். அன்று பள்ளிக்கூடம் லீவு, நானும் களை எடுக்கும் இடத்தில்தான் இருந்தேன். இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். பெண்கள் எல்லாம் சிரித்து, அவசரக்காரி என்றார்கள். அம்மா வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு கை விதை அள்ளி வந்து கொடுத்தாள். அவர் நோட்டை எடுத்து, "இது யார் வயல்மா?" என்றார். அம்மா வயல்காரர் பெயரைச் சொன்னாள். கேட்டதற்குச் சரியான பதில் அதுதான். விதை யாருடையது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கொடையாளர் என்ற இடத்தில் வயல்காரர் பெயர், இனிஷியலோடு.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அவசரக்காரி இங்க இருக்கும்மா."

"என்னடி சொல்ற. நான் இங்கிட்டு அடுப்படியில நிக்கிறேன்."

"மொச்சைம்மா. நீ குடுத்த மொச்சை. மலையில வச்சிருக்காங்க."

மறுபக்கத்தில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பரணில் தண்ணீர் இறங்கி, விதைப் பானையில் இருந்தது மொத்தமும் முளைத்து அழுகிவிட்டது. அம்மாவிடம் வாங்கியவர்கள் யாரிடமும் மிச்சமில்லை. இப்போது எங்களுக்கென்று முக்கால் ஏக்கர் இருக்கிறது, சொந்த வரப்பு இருக்கிறது. அந்த வரப்பில் ஊன்ற அந்த மொச்சை மட்டும் இல்லை.

"முளைக்குமா?" என்றாள்.

பதினொரு டிகிரியில் எத்தனை வருஷம் கிடந்ததோ. எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

விஞ்ஞானியிடம் கேட்டேன், கொஞ்சம் விதை கிடைக்குமா என்று. கொடுத்தவர் எங்கள் அம்மா என்றும் சொன்னேன். அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்பாமல் இல்லை. ஆனால் ரெக்கார்டில் வேறு பெயர் இருக்கிறது.

"கொடையாளருக்கோ, அவர் எழுதிக் குடுக்கிற ஆளுக்கோதான் மேடம் தர முடியும். ஐம்பது விதை வரைக்கும். இந்தாங்க ஃபார்ம். அவர் இல்லைன்னா வாரிசு போடலாம்."

நான் தேங்க்ஸ் சார் என்று வாங்கிக்கொண்டேன். இறங்கும் பஸ்ஸில் நாலாவது வளைவில்தான் அந்த தேங்க்ஸ் எனக்கு உறைத்தது.

என் அறிக்கையில் குளிர் அறை தேறவில்லை என்று எழுதினேன். ஒரு வாரத்தில் விஞ்ஞானியிடமிருந்து மெயில் வந்தது. எல்லாத் தட்டுகளிலும் முளைப்புச் சோதனை வைக்கப்போகிறார்கள். ஒவ்வொரு உறையிலும் இருபத்தைந்து விதை எடுத்து மணலில் ஊன்றி, பத்தாம் நாள் எண்ணுவார்கள். குளிர் அறையை ரிப்பேர் செய்தாகிவிட்டது, மறுசோதனைக்கு அதே நாளில் நான் வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

விதைகள் செத்துக்கொண்டிருக்கின்றன, ஒரு கையெழுத்துதான் தடை. நான் செய்ய வேண்டியதை வரிசைப்படுத்தினேன். வயல்காரர் இறந்து பல வருஷம். வயலைக் கல்குவாரிக்கு விற்றாயிற்று. மகன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்று கே.கே. நகரில் இருக்கிறார், நான் தங்கியிருக்கும் ஹாஸ்டலிலிருந்து நாலு தெரு. வரிசையில் "அம்மாவிடம் கேட்பது" என்று ஒன்று இல்லை. மறக்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

வயல்காரர் மகன் என்னை நன்றாகத்தான் நடத்தினார். சோபாவில் உட்காரச் சொன்னார். பீங்கான் கப்பில் காபி வந்தது.

"நம்ம அவசரக்காரி மகளாம்மா நீ? இன்ஜினியரா? ரொம்ப சந்தோஷம்மா. அப்பா பேரு அங்க இருக்குன்னு சொல்றியே, எங்களுக்குத் தெரியவே தெரியாது பாரு."

ஃபார்மையும், நான் போனில் எடுத்திருந்த ஸ்டிக்கர் படத்தையும் தன் போனில் ஏற்றி, குடும்பக் குரூப்பில் போட்டார். நான் காபி குடித்து முடிப்பதற்குள் அவர் போன் ஏழெட்டுத் தடவை சிணுங்கியது. "அமெரிக்காவுல இருந்து பேத்தி கேக்குறா, தாத்தாவோட பீன்ஸான்னு," என்று சிரித்தார்.

ஃபார்மில் பெறுபவர் பெயர் என்ற கட்டத்தில் பேனா நின்றது. "உங்க அம்மா பேரு என்னம்மா? எங்களுக்கு அவசரக்காரின்னுதானே தெரியும்."

நான் சொன்னேன். நீயே எழுதிக்கொள் என்று பேனாவைக் கொடுத்தார். எழுதினேன். அடுத்த கட்டம், கொடையாளருக்கும் பெறுபவருக்கும் உள்ள தொடர்பு. அதை அவரே வாங்கி, யோசிக்காமல் எழுதினார்: எங்கள் வீட்டு ஆள்.

அன்பாகத்தான் எழுதினார். திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவர் கையெழுத்துப் போட்ட ஃபார்மை வாங்கிக்கொண்டு, இரண்டாவது தடவையாகத் தேங்க்ஸ் சொன்னேன்.

பத்தாம் நாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து மாட்டுத்தாவணி வந்து இறங்கினாள். கையில் எலுமிச்சம்பழம், தோளில் பை, காலில் புதுச் செருப்பு. வளைவுகளில் கண்ணை மூடிப் பழத்தை முகர்ந்துகொண்டே வந்தவள், மேலே இறங்கியதும் முந்தானையை இழுத்துப் போர்த்தினாள்.

"இம்புட்டு ஊருக்கும் சேத்து ஏசி போட்ருக்காய்ங்களா?"

நான் என் சென்சார்களை வைத்துவிட்டு வருவதற்குள், சோதனைக் கொட்டகையில் அம்மாவும் சாவிக்காரப் பெண்ணும் யக்கா, தங்கச்சி என்று பழகிவிட்டார்கள். மேசை நிறைய மணல் தட்டுகள். அம்மா ஸ்டிக்கர் எதையும் படிக்கவில்லை. நேராக ஒரு தட்டின் முன்னால் நின்றாள்.

"இதுதான்."

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"ஏம் பிள்ளைய எனக்குத் தெரியாதா. தண்டு செவப்பப் பாரு."

இருபத்தைந்தில் ஒன்பது முளைத்திருந்தன. விஞ்ஞானி எண்ணி அட்டவணையில் எழுதினார். முகம் சரியில்லை. மற்ற தட்டுகளில் இதைவிட மோசம்.

"ஃபார்ம் கொண்டு வந்தீங்களா மேடம்?"

ஃபைலிலிருந்து எடுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"என்ன பேப்பரு அது?"

"விதை வாங்குறதுக்கும்மா. கையெழுத்து வேணும்னாங்க."

"யாரு போட்டா?"

சொன்னேன். கே.கே. நகர் வீடு, காபி எல்லாம் அங்கேயே நின்று சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் கண்ணாடி எடுத்து வரவில்லை.

"என்ன எழுதிருக்கு, வாசி."

விஞ்ஞானி நிற்கிறார், சாவிக்காரப் பெண் நிற்கிறார். கட்டம் கட்டமாக வாசித்தேன். அந்தக் கட்டம் வந்தபோது நிறுத்தினேன்.

"வாசி."

"எங்கள் வீட்டு ஆள்."

அம்மா கையை நீட்டித் திரும்ப வாங்கினாள். தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு விஞ்ஞானியிடம் திரும்பினாள்.

"சார், எண்ணி முடிச்சாச்சுல்ல. இந்த முளைச்சத என்ன செய்வீக?"

"அப்புறப்படுத்திருவோம்மா. சோதனை முடிஞ்சா வெளிய வைக்கக் கூடாது."

"அப்புறப்படுத்துறதுன்னா?"

"குழியில போட்டுருவோம் யக்கா," என்றார் சாவிக்காரப் பெண்.

"அப்ப குப்பை."

"ஆமாம்மா, ஒரு வகையில..." என்று விஞ்ஞானி இழுத்தார்.

"குப்பைக்கு யாரு கையெழுத்துப் போடணும்?"

அவரிடம் அதற்கு ஃபார்ம் இல்லை. சாவிக்காரப் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குப் பதற்றமாகிவிட்டது. அம்மாவைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கணக்குச் சொன்னேன். கையெழுத்து இருக்கிறது, ஐம்பது விதை தருவார்கள். இதே விகிதத்தில் முளைத்தால் பதினெட்டு வரும். இந்த ஒன்பதும் குளிரில் முளைத்த பிஞ்சு. ஆடி வெயிலில், மூன்று பஸ் மாறி, மேலூர் போவதற்குள் வாடிவிடும். ஒன்றும் தங்காவிட்டால் அவ்வளவுதான்.

"தங்கட்டும், தங்காமப் போகட்டும்."

"அம்மா, இதுல ரோஷம் பாத்தா விதையே இல்லாமப் போயிரும்."

"ரோஷம் பாக்கலைடி. ஏம் மொச்சைய எனக்குத் தரச்சொல்லி அவரு எழுதிக் குடுக்குறாரு. அத நான் கைநீட்டி வாங்குனா, குடுத்தது அவருன்னு ஆகிப்போகும். நீயே சொல்லு, ஆகுமா ஆகாதா?"

ஆகும். அந்த அலுவலகத்தின் ரெக்கார்டில் அது இரண்டாவது சாட்சியாகப் போய் உட்காரும். அதைத் தேடிப்போய் வாங்கி வந்தவள் நான்.

விஞ்ஞானி அட்டவணையில் கடைசிக் கட்டத்தை நிரப்பினார். அப்புறப்படுத்தப்பட்டவை: ஒன்பது. பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

சாவிக்காரப் பெண் தட்டைத் தூக்கினார். "வாங்கக்கா, குழி அங்கிட்டு இருக்கு."

குழி ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து, வேர் அறுபடாமல் மணலோடு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அம்மா அப்போது அவசரக்காரியாக இல்லை. ஒன்பதையும் சேர்த்துப் பிடித்து, வேரைச் சுற்ற ஏதாவது வேண்டும் என்று பார்த்தவள், கையில் இருந்த ஃபார்மைப் பிரித்து, வாளித் தண்ணீரில் முக்கினாள்.

"அம்மா, அது ஒரிஜினல்."

"நல்ல தடியான பேப்பரா இருக்கு. ஈரம் நிக்கும்."

சுற்றி, பிளாஸ்டிக் கவரில் நிற்க வைத்தாள். பை பஸ்ஸில் ஆடாதபடி மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும் வழியில் நான் ஃபைலைத் திறந்து சான்றிதழின் நகலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மறுசோதனையில் அறை ஐந்து என்று காட்டியது, நிஜமும் ஐந்து. சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்தேன். கருவி பொய் சொன்னால் பொய் என்று எழுத எனக்கு அதிகாரம் இருக்கிறது. ஸ்டிக்கரைத் திருத்தச் சொல்லி நான் பிறகு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும், பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே பதில்தான் வந்திருக்கிறது.

வாடிப்பட்டி வந்ததும் அனல் ஜன்னலில் அடித்தது. அம்மா முந்தானையை விரித்து நாற்றுகளுக்கு நிழல் பிடித்தாள். அவள் விரலெல்லாம் நீல மை.

"அடுத்த தடவ எங்கயாச்சும் கையெழுத்து வாங்கப் போனா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ," என்றாள்.

சரி என்றேன்.

கொஞ்ச தூரம் போய், "எம் பேரு கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாரு."

"அவருக்குத் தெரியலையா?"

"தெரியலை. நான்தான் எழுதுனேன்."

"இந்தப் பேப்பர்லயா?"

"ஆமா."

அம்மா கவருக்குள் எட்டிப் பார்த்தாள். தாள் கரைந்து வேரோடு ஒட்டியிருந்தது. எழுத்து ஒன்றும் மிச்சமில்லை.

"சரி, அதுவும் உரமாப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலை வாங்கி மூடியில் ஊற்றித் தெளித்தாள்.

என் பட்டியலில் ஐந்தாவதை அன்று ஆரப்பாளையத்தில் இறங்கியதும் எழுதினேன்: அம்மாவைக் கேட்காமல் போன நான். ஒன்பதில் ஆறு தங்கின. அம்மா அவற்றைச் சொந்த வரப்பில் நட்டிருக்கிறாள். நடப்போகும்போது, கூட வரவா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போனேன்.